படித்தவர் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாடுகளில் குடியேறுகிறவர்களின் வேலை நிலைமை பற்றி நம் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டுரை கடைசியில் வந்து நிற்கிற இடம், படித்தவர் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார், படிப்பில்லாதவர்தான் திண்டாடுவார் என்பது. அதைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் குடியேறிப் பிழைத்தவன்தான், அதோடு 14 வருடம் ஒரு மின்சாதன நிறுவனத்தில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவில் இருந்தவன். வந்த விண்ணப்பங்களை இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரித்து வைத்தது என் கைதான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், பிழைப்பது வேறு, படித்த படிப்பில் பிழைப்பது வேறு. படித்தவருக்கு ஏதோ ஒரு வேலை கிடைத்துவிடும் என்பது பெரும்பாலும் உண்மைதான். குடியேறியவர்களுக்குள்ளேயே ஒப்பிட்டால், பட்டம் வாங்கியவர்களில் வேலையில் இருப்பவர்கள் அதிகம், வாங்காதவர்களில் குறைவு. கட்டுரையாளர் அந்த ஒப்பீட்டோடு நிறுத்திக்கொண்டார். அதே படிப்பு படித்த உள்ளூர்க்காரரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. பணக்கார நாடுகள் பலவற்றில், குறைவாகப் படித்த குடியேறிகள் அதே அளவு படித்த உள்ளூர்க்காரர்களுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ வேலையில் இருக்கிறார்கள். பெரிய இடைவெளி விழுவது பட்டதாரிகள் நடுவில்தான். அதாவது எவ்வளவு அதிகம் படித்துவிட்டுப் போகிறோமோ அவ்வளவு அதிகம் இழப்பதற்கும் இருக்கிறது. காரணத்தை யோசித்தால் ஆச்சரியமில்லை. பெட்டி தூக்கவும் தரை துடைக்கவும் போகிறவரிடம் யாரும் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பதில்லை, முதுகு வலுவாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பட்டத்தோடு வருகிறவரிடம்தான் அந்தப் பட்டத்தை எப்படி நம்புவது என்ற கேள்வி எழுகிறது.

ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் நாடும் வேண்டாம். எங்கள் கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலைக்கு ஆள் எடுத்தோம். வந்த ரெஸ்யூமேக்களில் ஒன்று ஒரே பக்கம். பள்ளிப் படிப்பு, அப்புறம் எட்டு மாதம் ஒரு பார்சல் நிறுவனத்தில் டிரைவர், அவ்வளவுதான். பள்ளி முடித்ததற்கும் அந்த டிரைவர் வேலைக்கும் நடுவில் 15 வருடம் வெறுமையாக இருந்தது. இன்டர்வியூவுக்கு வந்தவர் 35 வயதைத் தாண்டியவர், சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். எனக்குப் பின்னால் சுவரில், நாங்கள் செய்துகொடுத்த ஒரு சப்ஸ்டேஷனின் வரைபடம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பேசும்போதெல்லாம் அவர் கண் அதற்கே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கேட்க ஏதாவது இருக்கிறதா என்றேன். சம்பளம் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் வரைபடத்தில் விரலை வைத்து, "இந்த ஃபீடருக்கு எர்த் சுவிட்ச் காட்டவில்லையே, வேறு தாளில் இருக்கிறதா?" என்று கேட்டார். ஃபீடர் என்றால் மின்சாரம் வெளியே போகும் லைன், எர்த் சுவிட்ச் என்றால் பாதுகாப்புக்காக அதை மண்ணோடு இணைக்கும் சுவிட்ச் என்பதெல்லாம் அன்று எனக்கு என்ன தெரியும்? அன்று சாயங்காலம் எங்கள் வடிவமைப்புப் பொறியாளரிடம் கேட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, அது திருத்துவதற்கு முந்தைய பழைய தாள், அதில் அது விட்டுப்போயிருந்தது உண்மைதான் என்றார். அந்தப் படம் அந்த அறையில் நாலு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த 15 வருடம் என்ன செய்தீர்கள் என்று அப்போதே அவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பையிலிருந்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். எட்டு செமஸ்டர் மார்க்‌ஷீட், மின் பொறியியல் பட்டம், 132 கேவி துணைமின்நிலையத்தில் 11 வருடம் வேலை பார்த்ததற்கான கடிதம். ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பு, அதன் ஒவ்வொரு பக்கத்திலும் வட்ட முத்திரை, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டி வாங்கிய முத்திரை. இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்றேன். முதல் 70 விண்ணப்பத்தில் எழுதினாராம், ஒருவர்கூடக் கூப்பிடவில்லையாம். வேலை வாங்கிக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர், டிகிரியைப் போட்டால் இவன் நிலைக்கமாட்டான் என்று கழித்துவிடுவார்கள், எடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறார். எடுத்த பிறகு மூன்றாவது விண்ணப்பத்திலேயே டிரைவர் வேலை கிடைத்தது.

அவருக்கு ஸ்டோர்கீப்பர் வேலை கொடுத்தோம். பொறியாளர் பிரிவில் அப்போது இரண்டு இடம் காலியாக இருந்தது. அதற்கு ஏன் அவரை அனுப்பவில்லை என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். அந்த விண்ணப்பப் படிவத்தில் "உள்ளூர் அனுபவம், வருடங்களில்" என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டுக்குக் கீழே எண் போட்டால் கணினியே அந்த விண்ணப்பத்தைத் தள்ளிவைத்துவிடும், பொறியாளர்கள் கண்ணில் படவே படாது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான். யாரையும் ஒதுக்க வேண்டும் என்று நினைத்து அந்தக் கட்டத்தைப் போடவில்லை. வருகிற விண்ணப்பம் ஆயிரம், பார்க்க ஆள் இரண்டு பேர், எங்கேயாவது வடிகட்டத்தானே வேண்டும் என்று போட்டேன். அத்தனை பேரின் வாழ்க்கை அந்தக் கட்டத்தில் மாட்டிக்கொள்ளும் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

இதில் எனக்கு இன்னும் ஆறாத பகுதி, பிறகு நடந்தது. மூன்று வருடம் கழித்துப் பராமரிப்புப் பிரிவில் ஒரு இடம் வந்தது. இப்போது அவருக்கு உள்ளூர் அனுபவம் மூன்று வருடம் ஆகிவிட்டதே என்று நானே அவரை விண்ணப்பிக்கச் சொன்னேன். உள்ளே பொறியாளர்கள் மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். இந்த இடைவெளியில், கோளாறு வந்தால் மின் இணைப்பைத் துண்டிக்கச் செய்யும் பாதுகாப்பு ரிலேக்கள் எல்லாம் டிஜிட்டலாகி, ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் புது நெறிமுறைக்கு வந்துவிட்டன. அவர் கிடங்கில் பெட்டிகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர் என்னிடம், "முன்னாடி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன் சார்" என்றார். எடுக்கவில்லை. கோப்பில் எழுதப்பட்ட காரணம், துறையில் சமீபத்திய அனுபவம் இல்லை.

அனுபவம் இல்லை என்று வேலை தராமல் இருக்கிறோம், வேலை தராததால் இருந்த அனுபவமும் துருப்பிடிக்கிறது, பிறகு துருவைக் காட்டி வேலை இல்லை என்கிறோம். குடியேறியவரின் முதல் வேலை எது என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால் இதனால்தான். கீழே ஒரு படி இறங்கித் தொடங்கு, மேலே ஏறிக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்களும் நண்பர்களும் நல்லெண்ணத்தில் சொல்வார்கள். பணம் இல்லாதவருக்கு வேறு வழியும் இருக்காது. ஆனால் அந்தப் படி வேறு ஏணியில் இருந்தால் எவ்வளவு ஏறினாலும் பழைய இடத்துக்குப் போக முடியாது. எனக்குத் தெரிந்து ஒரே வருடத்தில் ஏறியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோருமே சின்ன வேலையாக இருந்தாலும் தங்கள் துறைக்குள் நுழைந்தவர்கள். பொறியாளர் வரைவாளராக, கணக்காளர் பில் போடுகிறவராக, ஆய்வகக்காரர் மாதிரி எடுக்கிறவராக.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் அல்ல. பொருளாதார ஆய்வாளர்கள் இதை நாற்பது ஐம்பது வருடமாக அலசிக்கொண்டிருக்கிறார்கள். 1978இல் பேரி சிஸ்விக் என்பவர் அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஒரு ஆய்வு செய்தார். குடியேறிய ஆண்கள் வந்த புதிதில் உள்ளூர்க்காரரைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள், சுமார் 13 வருடத்தில் எட்டிப்பிடிக்கிறார்கள், அப்புறம் தாண்டியும் போகிறார்கள் என்பது அவர் கணக்கு. கேட்க எவ்வளவு நம்பிக்கையாக இருக்கிறது! ஆனால் 1985இல் ஜார்ஜ் போர்ஹாஸ் அதைக் கிளறினார். ஒரே ஒரு வருடக் கணக்கில் 20 வருடம் முன்பு வந்தவரையும் நேற்று வந்தவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், அந்த வித்தியாசம் காலத்தால் வந்த முன்னேற்றமா, அல்லது முன்பு வந்த கூட்டமே வேறு மாதிரிக் கூட்டமா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்று புதிதாக வந்தவரிடம் சொல்வதற்கு முன்னால் நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். முன்னால் போன மாமா ஏறிவிட்டார் என்பதால் இன்றைக்குப் போகிற மருமகன் ஏறிவிடுவார் என்று இல்லை.

என் மனதுக்கு நெருக்கமான ஆய்வு 2000த்தில் ரேச்சல் ஃபிரீட்பர்க் செய்தது. இஸ்ரேலில் குடியேறியவர்களை எடுத்துக்கொண்டு, ஒருவர் தன் படிப்பை எந்த நாட்டில் பெற்றார் என்று பிரித்துப் பார்த்தார். வெளியே பெற்ற படிப்புக்கு உள்ளூர்ப் படிப்பைவிடக் குறைந்த பலன்தான். வெளியே பெற்ற வேலை அனுபவத்துக்கோ கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. இதோடு அவர் இன்னொன்றும் கண்டார். குடியேறிய பிறகு உள்ளூரில் மேலும் கொஞ்சம் படித்தவர்களுக்கு, புதுப் படிப்புக்கான பலனோடு சேர்த்து, பழைய படிப்பின் மதிப்பும் கூடியிருந்தது. அந்தச் சின்ன உள்ளூர்ச் சான்றிதழ் பழைய பட்டத்தைப் படிக்க உதவும் கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆறு மாதப் படிப்பு ஒருவருக்குப் பெரிதாக எதையும் புதிதாகக் கற்றுக்கொடுத்திருக்காது, ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்ற ஆளுக்கு, சரி, இவருக்கு விஷயம் தெரியும்போல என்று தைரியம் கொடுத்திருக்கும்.

தைரியம் என்று சொன்னேனே, அதில் முழுக்க நியாயம் மட்டும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எல்லா நாட்டுப் பட்டமும் ஒரே தரம் இல்லை, அது உண்மை, வேலை கொடுப்பவர் தயங்குவதில் ஒரு பங்கு நியாயம் உண்டு. ஆனால் 2011இல் வெளியான பிலிப் ஓரியோபூலஸின் ஆய்வைப் பாருங்கள். கனடாவில் டொராண்டோவில் ஆயிரக்கணக்கில் போலி ரெஸ்யூமேக்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். படிப்பும் அனுபவமும் இரண்டும் கனடாவிலேயே, எல்லாம் ஒன்று, பெயர் மட்டும் வேறு. ஆங்கிலப் பெயர் இருந்த ரெஸ்யூமேக்களுக்கு, இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர் இருந்தவற்றைவிட சுமார் 40 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. இங்கே தரத்தில் என்ன சந்தேகம் இருக்க முடியும்? படித்ததே அந்த ஊர்க் கல்லூரியில்தானே. மொழி வராதோ என்ற கவலையால்தான் என்று ஆள் எடுப்பவர்கள் காரணம் சொன்னார்கள். ஆனால் மொழி நன்றாகத் தெரியும் என்று ரெஸ்யூமேயில் எழுதியிருந்தும் அழைப்பு பெரிதாகக் கூடவில்லை. இதைப் படித்த அன்று நான் தள்ளிவைத்த விண்ணப்பங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு முரண்பாடு. கனடா 1967இலேயே புள்ளி முறையைக் கொண்டுவந்தது, பின்னர் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளும் அந்த வழியில் வந்தன. படிப்புக்கு இவ்வளவு புள்ளி, மொழிக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு, வயதுக்கு இவ்வளவு. ஒருவரின் பட்டத்தை எடைபோட்டு, நீ தகுதியானவன், வா என்று அழைப்பது அரசு. வந்து இறங்கியதும் அதே பட்டத்தைக் காட்டினால், இதை நாங்கள் ஏற்பதில்லை என்று சொல்வது தொழில் செய்ய உரிமம் தருகிற அதே நாட்டின் தொழில் மன்றம், அதே நாட்டின் நிறுவனம். உள்ளே விடும் கதவும் வேலைக்கான கதவும் ஒன்றையொன்று பார்க்காமலே கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்டாரியோ மாகாணத்தில் இதைப் பற்றிப் பல வருடம் பேசி, கடைசியில் 2021இல் சட்டம் போட்டு, உரிமம் தேவைப்படும் பல தொழில்களில் கனடா அனுபவம் வேண்டும் என்று கேட்பதையே நிறுத்தச் சொன்னார்கள். நல்லது. ஆனால் அதற்குள் எத்தனை பேர் பொறியியலை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார்கள்?

இந்த உரிம விஷயம்தான் ஒரே அளவு படித்த இரண்டு பேரை இரண்டு திசையில் அனுப்புகிறது. கம்ப்யூட்டர் மென்பொருள் எழுத எந்த மன்றத்தின் அனுமதியும் தேவையில்லை. எழுதிக் காட்டினால் போதும், ஓடுகிறதா இல்லையா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் அந்தத் துறைக்காரர்கள் நாடு மாறியும் ஓரளவு அதே நாற்காலியில் உட்கார முடிகிறது. மருத்துவரின் கதை வேறு. அமெரிக்காவில் வெளிநாட்டு மருத்துவர் பல கட்டத் தேர்வு எழுதி முடித்தும், பத்து வருடம் அறுவைச் சிகிச்சை செய்தவராக இருந்தாலும், ரெசிடென்சியை, அதாவது மருத்துவமனையில் மேற்பார்வையில் செய்யும் பயிற்சியை, முதலிலிருந்து செய்யவேண்டும், அதற்கும் இடம் கிடைக்கவேண்டும் என்பதுதான் காலகாலமான வழக்கம். 2023இல் டென்னசி மாநிலம், குறிப்பிட்ட தகுதி உள்ள வெளிநாட்டு மருத்துவர்கள் ரெசிடென்சியைத் திரும்பச் செய்யாமலே மேற்பார்வையில் தற்காலிக உரிமம் பெற வழிசெய்து சட்டம் இயற்றியது, வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. உயிர் சம்பந்தப்பட்ட தொழில், சோதிக்காமல் விடக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சோதிப்பது வேறு, வாசலிலேயே ஐந்து வருடம் நிற்கவைப்பது வேறு. பிலிப்பைன்ஸில் மருத்துவம் படித்து முடித்தவர்கள் வெளிநாடு போவதற்காகவே திரும்ப நர்சிங் படித்தார்கள் என்பது உலகம் அறிந்த செய்தி. ஒரு டாக்டரை உருவாக்க ஆன செலவு அத்தனையும் எங்கே போனது?

நர்சிங் என்றதும் என் மனைவியின் தங்கை ஞாபகம் வருகிறாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் 9 வருடம் இருந்தவள். கணவரின் விசாவில் போனாள். இப்படித் துணையாகப் போகிற பெண்களின் படிப்பு எந்தக் கணக்கிலும் வருவதில்லை, விசாவில் முதல் பெயராக இருப்பவரின் தகுதியைத்தான் பார்க்கிறார்கள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். நர்ஸ் பதிவுக்கு வேண்டிய ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கில மொழித் தேர்வில் எழுத்துப் பகுதியில் அரை மதிப்பெண் குறைந்தது. திரும்ப எழுதித் தேறினாள். அதற்குள் அவள் படித்த கல்லூரியிலிருந்து வரவேண்டிய பாடத்திட்டச் சான்று வரவில்லை, கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு 14 மாதம் கழித்து வந்தது, அதிலும் ஒரு கையெழுத்து இல்லை. அந்தத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். சான்று சரியாகி வந்தபோது மதிப்பெண் காலாவதி. மூன்றாவது தடவை எழுதத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். தினமும் இரவு பணி முடியும்போது, எந்த அறையில் யாருக்கு எத்தனை மணிக்கு என்ன மருந்து, யாருக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று அதே மொழியில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவள். அதை நம்பித்தான் காலைப் பணிக்காரர்கள் மருந்து கொடுக்கிறார்கள். ஒரு விடியற்காலை அங்கிருந்த பெரியவர் ஒருவரின் உதட்டு நிறத்தைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னது அவள்தான். சொல்ல மட்டும்தான் அவளுக்கு அதிகாரம், ஊசியைத் தொட அனுமதியில்லை.

கட்டுரையில் "திறனற்ற தொழிலாளர்கள்" என்று நான்கைந்து இடத்தில் வருகிறது. இதுவும் எனக்கு வலித்தது. எது திறன் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? 2020இல் பிரிட்டன் தன் புதிய புள்ளி முறையை அறிவித்தபோது, முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கிற வேலை தகுதிப் பட்டியலில் இல்லை, குறைந்த திறன் வேலை என்று வெளியே நிறுத்தினார்கள். 2022 பிப்ரவரியில் ஆள் பற்றாக்குறை கழுத்தை நெரித்ததும் அதே வேலைக்கு விசாவைத் திறந்தார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதைத் திரும்ப நிறுத்தினார்கள். இந்த ஐந்து வருடத்தில் அந்த வேலை மாறவே இல்லை. படுக்கையில் இருப்பவரை முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது அன்றைக்கும் அதே திறன்தான், இன்றைக்கும் அதே திறன்தான். மாறியது தேவையும் அரசியலும். வெல்டர், கொத்தனார், கம்பி கட்டுகிறவர், ஏசி மெக்கானிக் எல்லோருக்கும் இதே கதைதான், அவர்கள் கையில் இருப்பதை எழுதிக்காட்டத் தாள் இல்லை, அவ்வளவுதான். நேர்கோட்டில் சுவர் எழுப்பத் தெரிந்தவரும் கலவை சுமப்பவரும் ஒரே கூலிப் பட்டியலில் வருகிறார்கள். இதில் விசா ஒரே முதலாளியோடு கட்டிப்போட்டிருந்தால் இன்னும் மோசம். திறமை இருக்கிறது, வேறு இடத்தில் அதிக சம்பளம் தருகிறார்கள் என்றாலும் போக முடியாது. சந்தையில் ஏலம் போடவே முடியாத பொருளுக்கு என்ன விலை கிடைக்கும்?

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். செய்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனி 2012 ஏப்ரலில் அங்கீகாரச் சட்டம் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வெளிநாட்டுத் தொழில் தகுதியை ஜெர்மன் தகுதியோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி கேட்பது விண்ணப்பிப்பவரின் உரிமை, எந்த நாட்டுக் குடிமகன் என்பது பொருட்டில்லை. முழுதாக ஒத்துவராவிட்டால் எந்தப் பகுதி குறைகிறது என்று எழுதிக் கொடுப்பார்கள், அதை மட்டும் படித்து ஈடுகட்டலாம். பத்து வருடம் படித்தவரை மறுபடி பத்து வருடம் படி என்று சொல்லாமல், இந்த இரண்டு பாடம் என்று சொல்வது எவ்வளவு பெரிய வித்தியாசம்! அங்கே நடந்த ஆய்வில், முழு அங்கீகாரம் கிடைத்தவர்களின் மணிக்கூலி மூன்று வருடத்தில் சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது, வேலையில் இருக்கும் வாய்ப்பும் நன்றாகக் கூடியது. அங்கீகாரத்துக்கு முன்னும் பின்னும் ஆள் அதே ஆள்தான். போரில் வீட்டோடு சான்றிதழும் எரிந்துபோன அகதிகளுக்குக்கூட ஒரு வழி உண்டு. கவுன்சில் ஆஃப் யூரோப் என்ற ஐரோப்பிய நாடுகளின் அமைப்பு 2017இல் தொடங்கிய அகதிகளுக்கான தகுதிக் கடவுச்சீட்டு, கையில் இருக்கிற துண்டுக் காகிதங்களையும் நேர்காணலையும் வைத்து இவர் இன்னது படித்திருக்கிறார் என்று மதிப்பிட்டுத் தருகிறது. உயர்கல்வித் தகுதிகளை நாடுகள் ஒன்றையொன்று நியாயமாக மதிப்பிட வேண்டும் என்கிற யுனெஸ்கோவின் உலக உடன்படிக்கையும் 2019இல் ஏற்கப்பட்டு 2023 மார்ச்சில் அமலுக்கு வந்துவிட்டது.

நிறுவனத்தில் இருப்பவர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலைக்கு வருகிறவரிடம் ஒரு மணி நேரம் அந்த வேலையையே கொடுத்துப் பாருங்கள். வரைபடத்தைக் கொடுத்துத் தப்பு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், கணக்கைக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை வாசிக்கத் தெரியாவிட்டாலும் இதை வாசிக்கத் தெரியும். நான் வேலையை விட்டு வருவதற்கு முந்தைய வருடம் அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இப்படி ஒரு சோதனையை வைத்தேன். அதற்குப் பல கூட்டங்கள் போடவேண்டியிருந்தது, நேரம் வீண் என்று மேலிடத்தில் சொன்னார்கள், ஆனால் நடந்தது. அந்த ஸ்டோர்கீப்பர் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

கிளம்பிக்கொண்டிருப்பவர்களுக்கும் சிலது சொல்ல ஆசைப்படுகிறேன். போகிற நாட்டில் உங்கள் தொழிலுக்கு உரிமம் வேண்டுமா வேண்டாமா என்பதை டிக்கெட் போடுவதற்கு முன்பே பாருங்கள், எல்லாவற்றையும்விட அதுதான் முதல். கல்லூரியிலிருந்து வரவேண்டிய பாடத்திட்டம், மதிப்பெண் பதிவுகள், பழைய முதலாளியின் கடிதம் எல்லாவற்றையும் நேரில் போய் வாங்க முடிகிற காலத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தில் பதவிப் பெயர் மட்டும் போதாது, என்னென்ன வேலை செய்தீர்கள் என்று விவரமாக இருக்கவேண்டும், ஏனென்றால் உதவிப் பொறியாளர் என்றால் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு அர்த்தம். பொறியாளர்கள் தங்கள் படிப்பு 1989இல் கையெழுத்தான வாஷிங்டன் உடன்பாட்டின் கீழ் அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துக்கொள்ளலாம். அதில் இருக்கும் நாடுகள் ஒன்றன் பட்டத்தை மற்றது கல்வியளவில் சமமாக ஏற்கின்றன, ஆனால் உங்கள் பாடப்பிரிவுக்கு, நீங்கள் படித்த வருடத்துக்கு அந்த அங்கீகாரம் இருந்ததா என்பதைத் தனியே பார்க்கவேண்டும். தேர்வு மதிப்பெண் எப்போது காலாவதியாகும் என்று பார்த்து மற்ற காகிதங்களை முதலில் தயார் செய்யுங்கள், தேர்வைக் கடைசியில் எழுதுங்கள். துணையாகப் போகும் பெண்கள், தங்களுக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்பதை விசா வரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை, அவள் நல்லவேளையாக அனுமதி உள்ள நாட்டுக்குப் போனாள்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். அடுத்த முறை குடியேறியவர்களைப் பற்றி எழுதும்போது, இத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று மட்டும் போடாமல், என்ன படித்தார்கள், இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுங்கள். "திறனற்ற" என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்தத் தொழிலின் பெயரையே எழுதுங்கள். கொத்தனாரைக் கொத்தனார் என்றும், பராமரிப்பவரைப் பராமரிப்பவர் என்றும் எழுத இடம் ஒன்றும் அதிகம் பிடிக்காது. என் மனைவியின் தங்கை வருகிற மாதம் மூன்றாவது தடவை தேர்வு எழுதுகிறாள். முடிவு வந்ததும் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்